யாருக்கும் பிடிகொடுக்காத 2147483647



தலைப்பில் இருக்கும் எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள் பார்ப்போம். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்குதா? மொத்தம் பத்து இலக்கம், ஒரு செல்போன் நம்பர் அளவுதான். ஆனால் இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் விட்டால் வேறு எந்த எண்ணாலும் இது மீதியில்லாமல் வகுபடாது.

எங்கள் கணக்கு சார் இதைக் கரும்பலகையில் எழுதி, "இது பகா எண்" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "நான் சொன்னேன்னு எடுத்துக்காதீங்க. எப்படித் தெரியும்னு கேளுங்க" என்றார். அந்த "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு தாளில் அடங்கவில்லை, அதனால் தாள்களை ஒட்டி நீட்டியிருக்கிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைக்கச் சொன்ன கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதையே காலண்டரில் செய்யுங்கள். ஜனவரி 1-ஆம் தேதி ஒரு நெல். 2-ஆம் தேதி இரண்டு, 3-ஆம் தேதி நான்கு, அப்புறம் எட்டு. இப்படித் தினமும் இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போனால் 31-ஆம் தேதி சாயந்திரம் மொத்தம் எத்தனை நெல் இருக்கும்? சரியாக 2147483647. ஆயிரம் நெல்லுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 43 டன் வரும். 75 கிலோ மூட்டையில் பிடித்தால் 570 மூட்டைக்கு மேல்! ஒற்றை நெல்லில் ஆரம்பித்து ஒரே மாசத்தில் இவ்வளவு.

கணக்காக எழுதினால் 2³¹ − 1. அதாவது 2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்த மாதிரி "2-இன் அடுக்கு கழித்தல் 1" என்று வருகிற பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் என்பவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி, 1648-ல் இறந்தவர். 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகைதான். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். 2⁴ − 1 = 15, 2⁶ − 1 = 63, 2⁹ − 1 = 511 = 7 × 73. அப்படியானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடுமா? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 2¹¹ − 1 = 2047. பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும். ஆனால் அது 23 × 89.

பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். இத்தாலியில் கடால்டி என்ற அறிஞர் 750 வரையுள்ள பகா எண்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, அதைக் கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து, 2¹⁷ − 1-உம் 2¹⁹ − 1-உம் பகா எண்கள் என்று 1588-ல் கண்டுபிடித்தார். அது நேர்மையான வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுக்கு 23, 29, 31, 37 போட்டாலும் பகா எண்தான் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். இதில் 23, 29, 37 மூன்றும் தப்பு. 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடும். 2²⁹ − 1 என்பது 233-ஆலும், 2³⁷ − 1 என்பது 223-ஆலும் வகுபடும். 31 மட்டும் சரியாக அமைந்தது. ஆனால் அவர் அதை நிரூபிக்கவில்லையே! பரீட்சையில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதியவருக்கு எத்தனை மார்க் என்று உங்களுக்கே தெரியும்.

மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியல் இன்னும் பெரியது. 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் கிடைக்கும் என்று எழுதினார். அதில் 31 இருந்தது, சரி. 67-உம் 257-உம் இருந்தன, அவை தப்பு. 61, 89, 107 இருந்திருக்க வேண்டும், விட்டுப்போயின. இந்தப் பட்டியலை முழுசாகச் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது. முந்நூறு வருஷம்! 2⁶⁷ − 1-ஐ 1903-ல் அமெரிக்காவில் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். மேடையேறி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம், எல்லாரும் கைதட்டினார்களாம் என்று ஒரு கதை சொல்வார்கள்.

சரி, நம்ம எண்ணுக்கு வருவோம். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று படித்திருக்கிறோம். ஏனென்றால் காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். ஜோடியில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐவிடக் கொஞ்சம் அதிகம், 46341-ஐவிடக் குறைவு. 46340 வரைக்கும் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிஷம் என்றால் கிட்டத்தட்ட 400 மணி நேரம். தினமும் பள்ளிக்கூட நேரம் போல ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் எங்கேயும் தப்பு வராமல் இருந்தால்.

இதைச் செய்து முடித்தவர் லியோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் 1707-ல் பிறந்தவர். ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்து 1783-ல் அங்கேயே இறந்தார். இளம் வயதிலேயே வலது கண் போய்விட்டது. 1766 வாக்கில் இடது கண்ணில் புரை விழுந்தது. 1771-ல் ஆபரேஷன் செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே வருஷம் ஊரில் பெரும் தீப்பிடித்து அவர் வீடும் எரிந்துபோயிற்று. ஒருவர் அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். இதற்கெல்லாம் அடுத்த வருஷம், 1772-ல், பெர்னூலி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் 2147483647 பகா எண் என்று ஆய்லர் தெரிவிக்கிறார். கண் தெரியாதவர் எப்படிக் கடிதம் எழுதினார் என்று கேட்பீர்கள். அவர் சொல்லச் சொல்ல மகன்களும் உதவியாளர்களும் எழுதுவார்கள்.

இதை நம்ப முடியவில்லை என்று என் தோழி சொன்னாள். எனக்கு நம்ப முடிகிறது. எங்க தாத்தாவுக்கும் கண்புரைதான். மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். இப்ப ஆள் அடையாளமே குரலை வைத்துத்தான். ஆனா, "கிலோ 37 ரூபா, 46 கிலோ, எவ்வளவு தாத்தா?"ன்னு கேட்டா நான் பேனா மூடியைத் திறக்கறதுக்குள்ள 1702-ன்னு சொல்லிடுவார். கேட்டால், "நாப்பதா வச்சுப் பெருக்கு, அப்புறம் மூணு பங்கை வெட்டு" என்பார். 1840-இல் 138 போனால் 1702. கண் போனால் கணக்கு போகாது.

இருந்தாலும் 4792 வகுத்தலை ஆய்லர் செய்யவில்லை. அவர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். குறுக்குவழி என்றால் ஏமாற்று வேலை இல்லை, நிரூபணம் உள்ள வழி. அதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

23 என்ற பகா எண்ணை எடுங்கள். 1-இல் ஆரம்பித்து இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்துவிடுங்கள். மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8, 16, அடுத்து 32 வரும், 23 போனால் 9. அப்புறம் 18, 13, 3, 6, 12, அடுத்து 24, 23 போனால் 1. மறுபடியும் 1-க்கே வந்துவிட்டோம்! எண்ணிப் பாருங்கள், 11 அடி. திருவிழா ராட்டினம் மாதிரி ஏறின இடத்துக்கே வந்து நிற்கிறது. இன்னும் இரட்டிப்பாக்கினால் அதே சுற்றுதான் திரும்பத் திரும்ப வரும். 11 அடியில் மீதி 1 என்றால் 2¹¹-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 1 என்று அர்த்தம். அதில் ஒன்றைக் கழித்தால் மீதி 0. அதாவது 2¹¹ − 1 என்பது 23-ஆல் வகுபடும். 2047-இன் ரகசியம் இதுதான்.

இப்போது ஃபெர்மா என்பவர் 1640-ல் சொன்ன ஒன்றைச் சேர்க்க வேண்டும். (இதன் நிரூபணத்தை எழுதி வெளியிட்டவரும் ஆய்லர்தான்.) 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடிகளில் ராட்டினம் கட்டாயம் 1-இல் நிற்கும். 23 என்றால் 22-ஆவது அடியில் 1. பாருங்கள், 11 அடிச் சுற்று 22-க்குள் சரியாக இரண்டு தடவை அடங்குகிறது. 7 என்றால் 2, 4, 1 என்று மூன்றடிச் சுற்று. அது 6-க்குள் இரண்டு தடவை அடங்கும். 5 என்றால் 2, 4, 3, 1 என்று நான்கடி. ஒரே சுற்றுதான்.

இனி 2147483647-க்கு ஏதோ ஒரு பகாக் காரணி ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரணியில் ராட்டினம் சுற்றினால் 31-ஆவது அடியில் 1 வந்தே ஆக வேண்டும். அப்படியானால் ஒரு சுற்றின் நீளம் 31-க்குள் முழுசாக அடங்க வேண்டும். 31 பகா எண். ஆகவே சுற்றின் நீளம் 1 அல்லது 31. ஒரே அடியில் 2 என்பது 1 ஆகிவிட முடியாது. எனவே நீளம் 31-தான். ஃபெர்மா சொன்னபடி காரணியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண்ணுக்குள் இந்த 31 முழுசாக அடங்க வேண்டும். காரணி ஒற்றை எண், ஒன்றைக் கழித்தால் இரட்டை எண். ஆகவே 62-உம் அடங்கும். முடிவாக, ஒளிந்திருக்கிற ஆள் யாராக இருந்தாலும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறவராகத்தான் இருக்க முடியும். 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக எல்லாரையும் விசாரிக்கத் தேவையே இல்லை!

கடால்டி ஏமாந்த எண்களுக்கும் இது பொருந்துகிறதா பாருங்கள். 47 = 2 × 23 + 1. 233 = 8 × 29 + 1. 223 = 6 × 37 + 1. இந்த விதி கடால்டிக்குத் தெரிந்திருந்தால் 2²³ − 1-ஐ அவர் முதல் வகுத்தலிலேயே பிடித்திருப்பார்.

ஆய்லரிடம் இன்னொரு சல்லடையும் இருந்தது. இந்தக் காரணிகளை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். 23-க்கு 7, 89-க்கு 1, 47-க்கு 7. சரியாக இருக்கிறது அல்லவா? இதன் நிரூபணம் நீளமானது, அதை எழுதினால் பக்கத்திலிருக்கும் கவிதைப் பகுதியை மறைக்க வேண்டிவரும். இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால், காரணியானது 248-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவோ 63 சேர்ந்ததாகவோ இருக்க வேண்டும். 46340 வரைக்கும் அப்படிப்பட்ட எண்கள் 373. அதில் 63, 249, 497, 559 மாதிரி பகு எண்களை அடித்துவிட்டால் மிச்சம் நூறுகூட இல்லை. 4792 எங்கே, நூறு எங்கே! ஐந்து நிமிஷக் கணக்கில் பார்த்தால் இரண்டு மாத வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

நானும் தோழிகள் இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முதல் மூன்றை வகுத்துப் பார்த்தோம். பட்டியலில் முதலில் வருவது 311. அதனால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303. ஈவு 1648107, மீதி 226. அதற்கடுத்தது 1489. ஈவு 1442232, மீதி 199. மணி அடித்துவிட்டது. ஆய்லர் இதே மாதிரி கடைசிவரைக்கும் போனார். ஒன்றில்கூட மீதி 0 வரவில்லை. ஒளிந்திருக்க யாரும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. கடால்டி சொன்னதும் மெர்சென் எழுதியதும் 31-ஐப் பொறுத்தவரை சரிதான். ஆனால் சரி என்று தெரிந்தது 1772-ல்தான்.

அதற்கப்புறம் பல பத்து வருஷங்களுக்கு உலகத்தில் தெரிந்த பகா எண்களிலேயே பெரியதாக இது இருந்தது. செவ்விய எண்கள் என்று ஒரு வகை உண்டு. தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைக் கொடுக்கும். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்கச் செவ்விய எண் வரும். இங்கிலாந்தில் பார்லோ என்ற கணித ஆசிரியர் 1811-ல் எழுதிய புத்தகத்தில், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் இதெல்லாம் வெறும் வேடிக்கை, பிரயோஜனம் எதுவும் இல்லை, இதற்கு மேல் யார் மெனக்கெடுவார்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டார்.

எங்கள் தெருவிலும் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் திண்ணையில் 1303-ஆல் வகுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ள, இந்தக் கணக்க வச்சு என்ன கொழம்பா வைக்கப் போற?" என்றார். பார்லோவுக்குச் சொந்தக்காரராக இருப்பாரோ என்னவோ! பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் பேரன் ஆறாம் வகுப்பில்தான் படிக்கிறான், படித்துச் சொல்லட்டும்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் எழுதும் என்று படித்திருக்கிறோம். அந்த இரும முறையில் 2147483647-ஐ எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. கம்ப்யூட்டர்கள் ஒரு எண்ணுக்கு 32 இடம் ஒதுக்குவது ரொம்ப காலப் பழக்கம். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 இடம். அதில் கொள்ளும் மிகப்பெரிய எண் எது? நம்ம ஆளேதான்!

2014-ஆம் வருஷம் டிசம்பரில் "கங்னம் ஸ்டைல்" என்ற கொரியப் பாட்டை யூடியூபில் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எண்ணைத் தாண்டியது. எண்ணுகிற இடம் போதாது என்பதால் 64 இடம் கொண்டதாகப் பெரிதாக்கிவிட்டோம் என்று யூடியூப் சொன்னது. அந்தக் குதிரை டான்ஸை நம் ஆண்டு விழாவில்கூட ஆடினார்கள். அதற்கும் ஆய்லருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைத்தது?

இன்னொன்று இனிமேல்தான் வரப்போகிறது. நிறையக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணித்தான் நேரம் பார்க்கின்றன. அதில் 32 இட முறை வைத்திருக்கும் பழைய இயந்திரங்களில் 2147483647-ஆவது விநாடியோடு இடம் தீர்ந்துவிடும். அது எப்போது? 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. அடுத்த விநாடியில் அந்த இயந்திரங்களுக்கு 1901 டிசம்பர் வந்துவிடும்! அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், புது இயந்திரங்கள் பலவற்றில் 64 இடம் வந்துவிட்டது. பொங்கல் லீவு முடிந்த வாரம் அது. அன்றைக்குக் காலையில் கடிகாரத்தைப் பார்க்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் அளவைப் பற்றியவை, பகா எண் என்ற குணத்தைப் பற்றியவை இல்லை என்று எங்கள் சார் சரியாகவே சொன்னார். அந்தக் குணம் வேலை செய்கிற இடமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டில் தாயம் உருட்டுகிற மாதிரி எண்கள் எப்படி வருகின்றன? ஒரு பழைய முறையில், ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வார்கள். அந்த மீதியை மறுபடி பெருக்கி வகுப்பார்கள். அப்படியே போய்க்கொண்டிருக்கும். மறுபடியும் ராட்டினம்! இந்த எண்ணில் 2-ஆல் பெருக்கிச் சுற்றினால் 31 அடியிலேயே திரும்பி வந்துவிடும். ஆனால் 16807-ஆல் சுற்றினால் 1 முதல் 2147483646 வரைக்கும் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் திரும்பும். யாரையும் விடாது, யாரிடமும் இரண்டு தடவை போகாது. இது பகு எண்ணாக இருந்தால் அப்படிச் சுற்றவே சுற்றாது. இன்னும் பெரிய பகா எண்களை வைத்துத்தான் 1977-லிருந்து ரகசியச் சங்கேத முறைகள் வந்திருக்கின்றன. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கின விடையைத் திரும்பப் பிரிப்பது மகா கஷ்டம் என்பதுதான் அதன் பூட்டு. குழம்பு வைக்க முடியாதுதான், தாத்தா. பணத்தைப் பத்திரமாக அனுப்ப முடியும்.

பார்லோவின் ஜோசியமும் பலிக்கவில்லை. 1876-ல் பிரான்ஸைச் சேர்ந்த லூகாஸ், 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம். அதற்கு 75 வருஷம் வரைக்கும் போட்டியே இல்லை. லூகாஸ் காரணிகளைத் தேடவே இல்லை. அவர் முறையை 1930-ல் லெமர் என்பவர் இன்னும் எளிதாக்கினார். 4-இல் ஆரம்பியுங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். இதை அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 31-க்குச் செய்தால் (அடுக்கு 5, மூன்று தடவை) 4, 14, 8, 0. வந்துவிட்டது! 2047-க்குச் செய்தால் (அடுக்கு 11, ஒன்பது தடவை) 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் இல்லை, ஆகவே பகு எண். 23-உம் 89-உம் யாரென்றே தெரியாமல் தீர்ப்பு சொல்லியாயிற்று! நம் எண்ணுக்கு 29 தடவை செய்தால் போதும்.

இதே முறையை உபயோகித்துத்தான் 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணை அறிவித்தார்கள். அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். பக்கத்துக்கு ஆயிரம் இலக்கம் என்று நெருக்கி எழுதினாலும் 200 பக்க நோட்டு 205-க்கு மேல் வேண்டும். எழுதப் போகிறவர்கள் முதலில் ஸ்டோரில் கேட்டுக்கொள்ளவும்.

இன்னொரு வேடிக்கை. 5 பகா எண். 2⁵ − 1 = 31, அதுவும் பகா எண். 2³¹ − 1 நம்ம ஆள், அதுவும் பகா எண். அப்படியானால் 2-க்கு நம்ம ஆளையே அடுக்காகப் போட்டு ஒன்றைக் கழித்தால்? 64 கோடிக்கு மேல் இலக்கங்கள் வரும். அந்த வம்சம் அங்கே அறுந்துவிட்டது. அது பகு எண். 295257526626031-ஆல் வகுபடும். இந்த 15 இலக்கக் காரணியை 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், ஈவு 137490, மீதி 1. இங்கேயும் ராட்டின விதிதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 2¹³ − 1 = 8191. இதன் வர்க்கமூலம் 91-ஐவிடக் குறைவு. 90 வரைக்கும் 24 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் ஆய்லரின் இரண்டு நிபந்தனைகளையும் போட்டுச் சலித்தால் ஒரே ஒரு எண்தான் மிஞ்சும். ஒரே ஒரு வகுத்தல் செய்து 8191 பகா எண் என்று நிரூபித்துவிடலாம். அந்த எண் எது? மீதி எவ்வளவு? ஆறாம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். விடையை மட்டும் எழுதினால் ஏற்கப்படாது, வழிமுறையும் வேண்டும். தாளில் பெயர், வகுப்பு எழுதி இந்தப் பலகைக்குக் கீழே தொங்கும் உறையில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி